டீச்சர் பனியனில் தொங்கிய நூல்

ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பெண் பிள்ளைகளின் பூப்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் விசிலை வாயில் வைத்தபடி ஒரு டீச்சர் நிற்கிறார். அவருக்கு நேர் பின்னால், கோட்டுக்கு வெளியே, நான் நிற்கிறேன்.

டீச்சர் போட்டிருந்தது வெள்ளை டி-ஷர்ட். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுவும் பனியன்தான். அதன் பின்பக்க அடி மடிப்பிலிருந்து ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சாண் நீளம் இருக்கும். காற்றில் இப்படியும் அப்படியும் ஆடி, என்னையே கூப்பிடுவது போலிருந்தது.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவனுக்குத் தொங்கும் நூலைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. முதலில் லேசாக இழுத்துப் பார்ப்போம். நின்றுவிட்டால் நறுக்கிப் போட்டுவிடலாம். வந்துகொண்டே இருந்தால் தையலை முடிவில் கட்டி நிறுத்தவில்லை, எங்கள் பாஷையில் 'லாக்' போடவில்லை என்று அர்த்தம். பீஸைத் தையலுக்கே திருப்பி அனுப்பிவிடுவோம்.

கை தானாகப் போனது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது.

சர்ரென்று ஒரு சத்தம். அடி மடிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பிரிந்து இறங்கி, டீச்சரின் பனியன் எல்லோர் கண் முன்னாலும் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டது. டீச்சர் திரும்பினார். என் கையில் சுருள் சுருளாக நூல்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். நான் சொன்ன பதிலைப் பாருங்கள். "டீச்சர், உங்க பனியன்ல லாக் இல்லீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். பனியனைச் சுருட்டி டிராக் பேண்டுக்குள் செருகிக்கொண்டார். "ஆட்டம் முடியட்டுங்க. அப்பறம் லாக்கைப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

கோட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்த என் மகள் தர்ஷினி மட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். மட்டையின் பின்னல் வழியே முகம் முழுவதும் தெரிந்தது. அதில் எனக்கான கச்சேரி இருந்தது.

சிவப்பு அம்பு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். மீசை சரியாக முளைக்காத வயதில் திருப்பூருக்கு பஸ் ஏறினேன். தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி இப்போது ஒரு ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அதே கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த செல்வியைக் கல்யாணம் செய்துகொண்டேன். தர்ஷினி பிறந்தாள். அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது செல்வி நோயில் போய்விட்டாள். அந்த நாட்களைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அடுப்படிச் சுவரில் மாட்டிய எவர்சில்வர் ஸ்டாண்டில் இரண்டு தட்டுகள். 'செல்வி' என்று பெயர் வெட்டிய தட்டைத் துடைத்து, துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். அதில் சாப்பிடவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை.

செக்கிங் வேலையில் எங்களுக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் உண்டு. சிவப்பு நிறத்தில் அம்பு வடிவம். துணியில் ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி அம்பை ஒட்டிவிடுவோம். எழுத வேண்டாம், கூப்பிட்டு விளக்க வேண்டாம். தமிழ் தெரியாத ஒடிசாப் பையனுக்கும் புரிந்துவிடும்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரோல் கிடக்கும். குழந்தையாக இருந்தபோது தர்ஷினி அதை எடுத்துத்தான் விளையாடுவாள். நான் முதன்முதலில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னிய அன்று கண்ணாடியில் பார்த்தாள். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து என் நெற்றியில் ஒட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கமே அதுவாகிவிட்டது. குழம்பில் உப்புக் கூடினால் சட்டி மூடியில் அம்பு. நான் ஷேவ் செய்யாவிட்டால் கண்ணாடியில் அம்பு. பள்ளிக்கூட மீட்டிங்குக்கு நான் தாமதமாகப் போனால் கடிகாரத்தில் அம்பு.

ஆனால் அது ஒருவழிப் பாதைதான். துணியில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவனுக்கு மகளிடம் ஒரு குறையும் கண்ணில் படாது. கணக்கில் மார்க் குறைந்தால் கேள்வித்தாள் கஷ்டம் என்பேன். ஆட்டத்தில் தோற்றால் நடுவர் சரியில்லை என்பேன். அவளே, "போங்கப்பா, நீங்க எல்லாத்துக்கும் பாஸ் போட்டுருவீங்க" என்று சலித்துக்கொள்வாள்.

பூப்பந்தையும் இங்கே சொல்ல வேண்டும். டிவியில் காட்டும் இறகுப்பந்து இல்லை இது. மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், மண் தரையில், வெட்டவெளியில் ஆடுவது. நூல் சம்பந்தப்பட்ட ஆட்டம் என்பதாலோ என்னவோ, பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

டீச்சர் ஒட்டிய ஸ்டிக்கர்

பனியனைப் பிரித்தவன் சும்மா இருக்க முடியுமா? ஆட்டம் முடிந்ததும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "குடுங்க டீச்சர், கம்பெனில தைச்சுத் தந்துடுதேன்" என்றேன். மறுநாள் தர்ஷினி கையில் ஒரு கவரில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

டீச்சர் பெயர் சாந்தாமணி. பொங்கலூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பூப்பந்து அணிக்கும் அவர்தான் கோச். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்.

பனியனை மிஷினில் போட்டு, மடிப்பை நானே அடித்து, முடிவில் இரண்டு முறை கட்டி நிறுத்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். பீஸ் கைக்கு வந்துவிட்டால் முழுதாகப் பார்க்காமல் விடுவது எங்கள் தொழிலில் இல்லை. உள்பக்கம் திருப்பிப் போட்டேன். பக்கத் தையல் கோணல். கழுத்துப் பட்டி ஒரு பக்கம் இழுத்திருந்தது. அக்குளில் ஒரு தையல் விட்டுப் போயிருந்தது. வேலை மும்முரத்தில் பழக்கதோஷமாக அங்கங்கே அம்பு ஒட்டி, மடித்து, கவரில் போட்டு, தர்ஷினியிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு பெண்மணிக்கு அவருடைய சொந்த பனியனைக் குறை குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போகவே கால் வரவில்லை. தர்ஷினிதான் இழுத்துக்கொண்டு போனாள். டீச்சர் அதே வெள்ளை பனியனில் நேராக என்னிடம் வந்தார். விரல் நுனியில் ஒரு சிவப்பு அம்பு. நான் அனுப்பியதில் ஒன்றைப் பத்திரமாக உரித்து வைத்திருக்கிறார். என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் அதை ஒட்டினார்.

"பொத்தான் இல்லீங்க" என்றார். பிறகு சிரித்தார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. என் சிரிப்பையும்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் சீக்கிரமே விடிந்தன. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் சர்பத் குடிக்கப் போய்விடுவார்கள். நாங்கள் எதிர்த்த பேக்கரியில் டீ குடிப்போம். ஆளுக்கொரு தேங்காய் பன். நான் தெற்கத்திப் பேச்சு, அவர் கொங்குப் பேச்சு. நான் "என்ன டீச்சர், இப்படிச் சொல்லுதீய" என்றால் அவர், "சொல்லுதீய, கேக்குதீய" என்று சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்.

"ஏன் டீச்சர், நீங்க கல்யாணம் பண்ணிக்கலை?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வரன் வந்துதுங்க. மாப்பிள்ளை வீட்டுல, கல்யாணத்துக்கு அப்பறம் டிராக் பேண்ட் எல்லாம் போடக் கூடாதுன்னாங்க. நான் மாப்பிள்ளையைப் பாத்து, நீங்க மட்டும் போடலாமுங்களான்னு கேட்டேன். பலகாரத்தைக்கூட முடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. அப்பறம் நான் யாருக்கும் காத்துட்டு இருக்கலீங்க."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய ஆள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்பார்கள். நான் வெட்கப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். ஷிப்மென்ட் நெருக்கடியில் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். செக்கிங் பெண்கள், "அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று கண்ணைக் காட்டிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு, பன் வருவதற்குள் தைரியம் வந்துவிட்டது. "டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க. ஆனா பனியனை இழுக்காதீங்க."

கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சரிங்க" என்றார். "ஆனா என் வார்த்தை பாதிதானுங்க. மீதி உங்க ஊட்டுல இருக்குது. அவகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், பரீட்சை முடியட்டும், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் ஊர் முந்திக்கொண்டது.

மூலையில் நின்ற மட்டை

அணியில் ஹரிணி என்று ஒரு பெண். நன்றாக ஆடுவாள், ஆனால் முதல் ஐந்தில் இடம் கிடைக்கவில்லை. அவள் அப்பா அயர்னிங் கான்ட்ராக்டர். ஸ்டீம் பாக்ஸ் மாதிரியே சீக்கிரம் சூடாகிற ஆள். பேக்கரியில் எங்களைப் பார்த்திருக்கிறார். "டீச்சருக்கு டீ வாங்கிக் குடுத்தே பொண்ணை டீமுக்குள்ள தள்ளிட்டானுங்க அந்தச் செக்கிங்காரன்" என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். நாலு நாற்பதாகி, ஒருநாள் தர்ஷினி காதுக்கே போய்விட்டது.

அன்று வேலை முடிந்து வந்தால் மட்டை உறையோடு மூலையில் நிற்கிறது. தர்ஷினி பயிற்சிக்குப் போகவில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்கப்பா, அவங்க சொல்றது நெசமுங்களா?"

"டீமுக்குள்ள தள்ளினது பொய்யி" என்றேன். "டீச்சரைப் பிடிச்சிருக்குங்கது நெசம். உங்கிட்ட நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும் தர்ஷி. நீ வேண்டாம்னா வேண்டாம். அதோட முடிஞ்சுது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தட்டு ஸ்டாண்டைப் பார்த்தாள். பிறகு பரணைப் பார்த்தாள்.

"டீச்சர் வந்தா அம்மா தட்டுலயா சாப்பிடுவாங்க?"

அவள் கேட்டது தட்டைப் பற்றி மட்டுமில்லை என்று தெரிந்தது.

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உடுமலைல ஃபைனல் வருது. அது முடியட்டுங்க, அப்பறம் என் பதிலைச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க கிரவுண்டுப் பக்கமே வரக் கூடாது. பேக்கரிக்கும் வரக் கூடாது. நான் நல்லா ஆடினாலும் டீக்குத்தான் ஆடுறேன்னு சொல்லுவாங்க."

டீச்சரிடம் போனில் சொன்னேன். "உங்க பொண்ணு சொல்றது நாயமுங்க. பொறுமையா இருங்க" என்றார். வைக்கும் முன்னால், "பொத்தான் தைச்சாச்சுங்களா?" என்று கேட்டார். தைத்தாகிவிட்டது என்றேன்.

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் ஒரு கல்யாணம் உண்டா இல்லையா என்பது எட்டாம் வகுப்புப் பெண்ணின் வாயில், ஒரு பூப்பந்து ஃபைனலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து வாளி வாளியாகத் துணி துவைத்தேன். துவைக்கத் துணி தீர்ந்தபோது திரைச்சீலையைக் கழற்றினேன்.

உடுமலைக் காற்று

ஃபைனல் அன்று வீட்டில் இருப்பதாகத்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். தர்ஷினியின் வேன் கிளம்பியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, பல்லடம் வழியாக உடுமலைப்பேட்டைக்கு பஸ் பிடித்துவிட்டேன்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று அங்கே ஆளைத் தள்ளும். ரோட்டுக்கு இருபுறமும் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கம்பளிப் பந்தில் ஆடுகிற ஆட்டத்துக்கு இதைவிட மோசமான நாள் கிடையாது.

மைதானத்து ஓரம் தேங்காய் மட்டை ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கிருந்து ஆடுகளத்தின் பாதி தெரிந்தது. வலைக்கம்பத்தில் டீச்சர் ஒரு பனியன் வேஸ்ட் துண்டைக் கட்டியிருந்தார். ஸ்கூட்டர் துடைக்கக் கேட்டார் என்று எப்போதோ நான் ஒரு மூட்டை கொடுத்திருந்தேன். அதில் ஒரு சிவப்புத் துண்டு. அது ஆடுவதைப் பார்த்துக் காற்றின் போக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டம் நம் பிள்ளைகளுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் ஏறிக்கொண்டே போனது. தர்ஷினி பின்வரிசையில் நின்று ஓங்கி அடித்தாள். அவள் பலமே அதுதான். அன்று காற்று அந்தப் பலத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஒரு பந்து கோட்டுக்கு வெளியே. அடுத்ததும் வெளியே. "தூக்காத கண்ணு, தாழ வை!" என்று டீச்சர் கத்தினார். தர்ஷினிக்கு ரோஷம் வந்துவிட்டது, இன்னும் ஓங்கினாள். அந்தப் பந்து என் டெம்போவில் வந்து விழுந்தது.

டீச்சர் கையை உயர்த்தினார். தர்ஷினியை வெளியே அழைத்தார். பெஞ்சில் இருந்த ஹரிணியை உள்ளே அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கால்கள்தான் பொறுப்பு. டெம்போவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து கோட்டோரம் நின்றேன். ஒரு கையில் தேங்காய் மட்டையிலிருந்து எடுத்த மஞ்சள் பந்து. திருப்பூரில் இத்தனை வருஷம் பழகிய 'ங்க' எல்லாம் காற்றில் போய், பச்சைத் தெற்கத்தியில் வந்தது குரல்.

"டீச்சர்! பிள்ளைய ஏன் வெளிய எடுக்குதீய? அவ மேல என்ன தப்பு? காத்துதான சரியில்ல!"

மைதானம் முழுவதும் என்னைப் பார்த்தது. டீச்சர் இடுப்பில் கை வைத்துத் திரும்பினார்.

"தர்ஷினி அப்பாங்க, காத்து ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதானுங்க. பந்தைக் குடுத்துட்டுக் கோட்டுக்கு வெளிய போய் நில்லுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவர் என்னைப் பார்த்து விசிலடித்தார். பெஞ்சில் தர்ஷினி டவலை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். இந்த முறை மட்டையை நம்பவில்லை.

ஹரிணி ஓங்கியே அடிக்கவில்லை. வலைக்கு மேலே ஒட்டி உரசினாற்போல் மெல்ல மெல்லத் தட்டிப் போட்டாள். எதிர் அணி ஓடி ஓடி விழுந்தது. நம் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள்.

கூட்டத்தில் இருந்த அயர்னிங் கான்ட்ராக்டர் என்னிடம் வந்தார். மகள் ஜெயித்த சந்தோஷம் ஒரு பக்கம், பேசிய பேச்சின் கூச்சம் ஒரு பக்கம். முகம் எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது.

"ஏனுங்க, உங்க பொண்ணையே தூக்கி வெளிய போட்டுட்டாங்களே அந்தம்மா!"

"ஆமா" என்றேன்.

"நானுங்க... என்னமோ பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க, டீ சாப்பிடலாம்."

டீ என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு பயம் வந்தது. வேண்டாமுங்க என்று கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

நெடுநேரம் காத்திருந்து ஏறிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றாலைகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டே வந்தேன். வரக் கூடாது என்றவளிடம் வாக்கு மீறினேன். ஊர் முன்னால் மானத்தை வாங்கினேன். ஃபைனலில் அவளை உட்கார வைத்த டீச்சரை வீட்டுக்கு அழைத்து வரச் சம்மதிப்பாளா? பல்லடம் வருவதற்குள் என் இரண்டாவது கல்யாணத்தை நானே ரத்து செய்துவிட்டேன். துவைக்க இன்னும் என்ன துணி பாக்கி இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

இரண்டு தட்டு

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. தர்ஷினி எனக்கு முன்னால் வந்து, குளித்து, தோசைக்கல்லை அடுப்பில் போட்டிருந்தாள். கழுத்தில் மெடல். நான் செருப்பைக் கழற்றியபடியே, "தர்ஷி, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"கையைக் கழுவிட்டு வாங்கப்பா."

கழுவிவிட்டு வந்தேன். தோசையைத் தட்டில் போட்டாள். சாப்பிடத் தைரியமில்லை, பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"வேன்ல டீச்சர் என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க" என்றாள், முதுகைக் காட்டியபடியே. "ஃபைனல்ல எடுத்ததுக்கு மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன் கண்ணு, நீ காத்தைப் பாக்காம ரோஷத்தைப் பாத்து அடிச்சேன்னாங்க. நாளைக்குக் காலைல சீக்கிரம் வா, காத்துல பழகலாம்னாங்க."

"அவங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன், பழக்கதோஷத்தில். "அந்தக் காத்துல யாரு ஆடினாலும்..."

தோசைத் திருப்பியோடு திரும்பினாள். "பாத்தீங்களா? நீங்க இதைத்தான் சொல்லுவீங்க. என் பந்து வெளிய போச்சுங்கப்பா. என் தப்புத்தான். அவங்களுக்கு உங்களைப் பிடிச்சிருக்குது. என்னை எடுத்தா நான் வேண்டாம்னு சொல்லிருவேன்னும் தெரியும். தெரிஞ்சும் எடுத்தாங்க."

தோசை கருகும் வாசனை வந்தது. இருவரும் கவனிக்கவில்லை.

"இந்த ஊட்டுல எனக்கு யாருமே தப்பைச் சொன்னதில்லீங்கப்பா. சொல்ற ஆளு ஒருத்தராவது வேணுமில்லீங்களா?"

என் சட்டைப் பையிலிருந்த ஸ்டிக்கர் ரோலை அவளே எடுத்தாள். ஒரு அம்பைக் கிழித்தாள். என் நெற்றியில்தான் ஒட்டப்போகிறாள் என்று முகத்தை நீட்டினேன். வாக்கு மீறியதற்கு அது எனக்குச் சேர வேண்டியதுதான். அவள் என்னைத் தாண்டிப் போனாள். தட்டு ஸ்டாண்டில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, சுவரில் அந்த அம்பை ஒட்டினாள்.

"இங்க ஒண்ணு குறையுதுங்கப்பா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரணைக் காட்டினாள்.

"ஆனா அம்மா தட்டு அம்மாவோடது. அது அங்கயே இருக்கட்டும்."

"அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "என்ன சொன்னாளுங்க?" என்று கேட்ட குரலில் விசில் ஊதுகிறவரின் அதிகாரம் கொஞ்சமும் இல்லை. நானோ "டீச்சர்... டீச்சர்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தர்ஷினி போனைப் பிடுங்கினாள்.

"டீச்சர், நம்ம ஊட்டுக்கு வரும்போது உங்க பேர் வெட்டின தட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. எங்ககிட்ட ரெண்டுதான் இருக்குது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வட்டத் தட்டா கண்ணு," என்று கேட்டார் டீச்சர், "குழி வெச்ச தட்டா?"